மூச்சு முட்டினால் தாமதிக்க வேண்டாம்

தோட்டம் துப்புரவாக்கும்போது குளவி கொட்டுவது வன்னியில் புதிதல்ல. பெரும்பாலானோருக்குக் கொட்டிய இடம் மட்டுமே வீங்கும். சிலருக்கோ சில நிமிடங்களில் உடல் முழுவதுமே பாதிக்கப்படும். இதுவே கடுமையான ஒவ்வாமை. இறால், நண்டு, கச்சான், முட்டை, பென்சிலின் போன்றவற்றாலும் இது வரலாம். பாம்புக்கடிக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்தாலும் வருவதுண்டு. அம்மருந்துக்கு முன் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் ஆபத்துக் குறையும் என 2011இல் வெளியான இலங்கை ஆய்வு காட்டியது. ஆகவே பாம்பு கடித்தால் பயமின்றி ஆஸ்பத்திரிக்கே செல்லுங்கள்.

அறிகுறிகள்

உடலெங்கும் தடிப்பு, அரிப்பு, உதடு, நாக்கு வீக்கம், குரல் அடைப்பு, மூச்சு இழுப்பு, வாந்தி, தலைச்சுற்று, மயக்கம். தடிப்பு இல்லாமலும் வரலாம்.

என்ன செய்வது?

உயிர் காப்பது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசியே. ஒவ்வாமைக் குளிசை அரிப்பைக் குறைக்கும்; அடைபடும் மூச்சைத் திறக்காது. "குளிசை குடிச்சாச்சு, பாப்பம்" என்று காத்திருக்காதீர்கள். இலவச அம்புலன்ஸ் சேவையான 1990ஐ உடனே அழையுங்கள். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் கால் நீட்டி இருத்தலாம். வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். சுகமானாலும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம். வைத்தியர் சொல்லும்வரை ஆஸ்பத்திரியிலேயே இருங்கள்.

முன்கூட்டியே காப்போம்

2009 இடப்பெயர்வில் பலரது கிளினிக் கொப்பிகள் தொலைந்தன. ஒத்துக்கொள்ளாத மருந்தையும் உணவையும் இப்போதுள்ள கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுவியுங்கள். வீட்டில் பெரியவர் நீங்கள் ஒருவரே என்றால், 1990ஐ அழைத்து வீட்டுக்கு வழி சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.