சுருட்டை முடியின் சூட்சுமம்

ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண் ஒருவரின் தலையில் காது மடல் உயரத்தில் நிற்கும் ஒரு முடிக்கற்றையை இரண்டு விரலால் பிடித்து மெல்லக் கீழே இழுத்தால், அது தோளைத் தொட்டுவிடும். விட்ட மாத்திரத்தில் பழைய இடத்துக்கே ஏறிக்கொள்ளும். இறுகச் சுருண்ட முடி தன் உண்மையான நீளத்தில் கால் பங்கை மட்டுமே வெளியே காட்டுவதும் உண்டு. மீதி முக்கால் பங்கு சுருளுக்குள் மடிந்து கிடக்கும். அமெரிக்காவில் இதற்கு 'ஷ்ரிங்கேஜ்' என்று பெயர். "என் முடி வளரவே மாட்டேன் என்கிறது" என்ற கவலையோடு வருபவருக்கு, அனுபவமுள்ள ஸ்டைலிஸ்ட் முதலில் இப்படி ஒரு கற்றையை இழுத்துத்தான் காட்டுவார்.

ரசாயனம் போட்டு நேராக்காமல், பிறந்தபடியே சுருண்டிருக்கும் முடியை அங்கே 'நேச்சுரல் ஹேர்' என்கிறார்கள். அதை மட்டுமே கழுவி, சிக்கெடுத்து, முறுக்கி, பின்னிவிடுவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட ஸ்டைலிஸ்டுகள் இருக்கிறார்கள். அவர்கள் கைப்பழக்கத்தில் கற்றுக்கொண்ட பலவற்றுக்கும் இயற்பியலிலும் வேதியியலிலும் திடமான காரணம் இருக்கிறது.

சுருள் தோலுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. நேர்முடி முளைக்கும் வேர்ப்பை தோலுக்குள் ஏறக்குறைய நேராக இறங்கும். சுருட்டை முடியின் வேர்ப்பை வளைந்து போகும். அதன் அடிக்குமிழும் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். அங்கே உருவாகும் செல்கள் வளைவின் உட்பக்கத்தில் ஒரு விதமாகவும் வெளிப்பக்கத்தில் வேறு விதமாகவும் முதிர்ந்து இறுகுவதால், வெளியே வரும்போதே முடி ஒரு பக்கம் சாய்ந்து சுற்றிக்கொள்கிறது. குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் நேர்முடி பெரும்பாலும் வட்டமாகத் தெரியும், சுருட்டை முடி தட்டையான நீள்வட்டமாக. வித்தியாசம் இந்த வடிவத்தில்தான். பொருள் எல்லாருக்கும் ஒன்றே: அதே கெரட்டின் புரதம், அதே அமினோ அமிலங்கள். சுருட்டை முடியை ஏதோ குறையோடு பிறந்த நேர்முடியாக எண்ணி நடத்திய ஒரு நூற்றாண்டு வணிகத்துக்கு இந்த எளிய உண்மை போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

சரி, இப்படி ஒரு வடிவம் ஏன் வந்தது? 2023-ல் மானுடவியலாளர் டீனா லசிசியும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான ஒரு விடையைத் தருகிறது. மனித உடலைப் போல வெப்பம் உண்டாக்கும் பொம்மை ஒன்றின் தலையில் மனித முடியாலான மூன்று விக்குகளை மாற்றி மாற்றி வைத்தார்கள்: ஒன்று நேர்முடி, ஒன்று மிதமான சுருள், ஒன்று இறுக்கமான சுருள். மொட்டைத் தலையாகவும் ஒருமுறை அளந்தார்கள். மேலே வெயிலைப் போன்ற விளக்கொளி, சுற்றிலும் கட்டுப்படுத்தப்பட்ட காற்றும் வெப்பமும். எந்த முடியானாலும் வெயிலின் சூடு தலைக்குள் இறங்குவதைக் குறைத்தது. அதிகமாகக் குறைத்தது இறுகச் சுருண்ட முடி. சுருள்கள் தலையோடு ஒட்டிப் படியாமல் உயர்ந்து நிற்பதால் வெயில் விழும் இடத்துக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி கிடைக்கிறது. தலையைக் குளிர்விக்கத் தேவைப்படும் வியர்வையும் குறைகிறது. ஆப்பிரிக்காவின் நிலநடுக்கோட்டு வெயிலில் நிமிர்ந்து நடந்த ஆதி மனிதருக்கு மூளை பெரிதாகிக்கொண்டிருந்த காலம் அது. மூளையோ சூடு தாங்காத உறுப்பு. தண்ணீரைச் செலவழிக்காமலேயே உச்சந்தலைக்கு நிழல் தந்த கூரையாக அந்த முடி இருந்திருக்கலாம் என்பது இவர்களின் கருத்து. நாம் அழகு, அலங்கோலம் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒன்று, நம் இனம் பிழைத்துக் கிடக்க உதவியதாக இருக்கக்கூடும். எனக்கு இது தீராத வியப்பு.

அந்த வடிவத்துக்கு ஒரு விலையும் உண்டு. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் வேரிலிருந்து நுனி வரை சுலபமாக வழிந்துவிடும். இறுகிய சுருளில் அது கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் திரும்பித் திரும்பி இறங்கும் பேருந்தின் கதைதான். பாதி வழி வருவதற்குள் அடுத்த தலைக்குளியல் வந்துவிடும். அதனால் தலைத்தோல் எண்ணெய்ப் பசையோடு இருந்தாலும் நுனி வறண்டு போகிறது. தவிர, ஒவ்வொரு திருப்பத்திலும் முடியிழை மெலிந்து முறுகுவதால் அந்த இடங்களே முதலில் உடைகின்றன. தென்னாப்பிரிக்கத் தோல் மருத்துவர் நொன்ஹ்லன்ஹ்லா குமாலோவும் மற்றவர்களும் ரசாயனம் படாத ஆப்பிரிக்க முடிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, நிறைய முடிச்சுகளையும் நீளவாக்குப் பிளவுகளையும் கண்டார்கள். பெரும்பாலான நுனிகள் உடைந்த நுனிகளாகவே இருந்தன. முடி வளராமல் இல்லை. வளரும் வேகத்துக்கு ஏறக்குறைய ஈடாக நுனியில் ஒடிந்துகொண்டே இருக்கிறது. நீளம் வேண்டுமென்றால் வளர்ப்பதை விட ஒடியாமல் காப்பதே வேலை.

நேச்சுரல் ஸ்டைலிஸ்டின் திறமையெல்லாம் இந்த இடத்தில்தான். உலர்ந்த சுருட்டை முடியில் சீப்பை வைக்கவே மாட்டார். முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனைப்பார். முடிக்குள் கெரட்டின் இழைகளைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருப்பவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகள் மெல்லியவை. தண்ணீர் பட்டதும் அவை விட்டுக்கொடுக்கும், சுருள் இளகும். அடுத்து கண்டிஷனரைத் தாராளமாகப் பூசுவார். முடியின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. கண்டிஷனரில் உள்ள மூலக்கூறுகளின் தலைப்பகுதி நேர்மின்னேற்றம் கொண்டதால் முடியில் ஒட்டிக்கொள்கிறது. கொழுப்பாலான அதன் வால் வெளியே நீட்டி நின்று ஒரு இழை மற்றொன்றின் மேல் வழுக்கிப் போக வைக்கிறது. இந்த வழுக்கலுக்கு ஸ்டைலிஸ்டுகள் 'ஸ்லிப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு கண்டிஷனரை வாங்கலாமா வேண்டாமா என்பதை அதன் மணத்தைக் கொண்டு முடிவு செய்வதில்லை. விரல்களுக்கு இடையே எவ்வளவு ஸ்லிப் இருக்கிறது என்று பார்த்துத்தான்.

பிறகு தலையை நான்காகவோ எட்டாகவோ வகிடெடுத்துப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் கிளிப் போட்டு ஒதுக்கி, ஒன்றை மட்டும் கையில் எடுப்பார். சிக்கை விரலால் பிரிப்பது முதலில். பல் அகன்ற சீப்பு அதற்கப்புறம். நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வேரை நோக்கி ஏறுவார். வேரிலிருந்து கீழே இழுத்தால், வழியில் உள்ள சிறு சிக்குகள் எல்லாம் நுனியில் சேர்ந்து ஒரே முடிச்சாக இறுகிவிடும். அதைக் கத்தரிதான் தீர்க்கும். நம் வீட்டுப் பாட்டிகள் நீளக் கூந்தலுக்குச் சிக்கெடுக்கும்போது செய்வதும் இதேதான். அடர்ந்த தலைக்கு இது மட்டுமே இரண்டு மணி நேரம் எடுக்கலாம். வாரத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, 'வாஷ் டே' என்று சொல்லிக் குடும்பத்தோடு உட்கார்ந்து செய்கிறார்கள்.

ஈரமாக இருக்கும்போதே இரண்டிரண்டு பிரியாக முறுக்கி விட்டு, முழுக்க உலர்ந்த பிறகு அவிழ்த்தால், அந்த முறுக்கின் அலை அப்படியே நிற்கும். தண்ணீர் வெளியேறும்போது அறுந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் புதிய வடிவத்தில் மீண்டும் கோத்துக்கொள்வதே காரணம். ஒரு மழைத் தூறல் பட்டால் அந்த அலங்காரம் கலைந்து பழைய சுருள் திரும்பிவிடும். அரைகுறையாக உலர்ந்த முறுக்கை அவிழ்ப்பதைப் போல ஸ்டைலிஸ்டை வருத்தும் காரியம் வேறில்லை. அத்தனை நேர உழைப்பும் ஒரே நொடியில் பஞ்சாகப் பொங்கிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2003-ல் மும்பையைச் சேர்ந்த ரெலே, மொஹிலே இருவரும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். கழுவும்போதும் சீவும்போதும் முடி இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் சங்கிலி குட்டையானது, நேரானது. அதனால் முடிக்குள் நுழைந்துவிடுகிறது. ஷியா வெண்ணெயும் விளக்கெண்ணெயும் பெரும்பாலும் மேலேயே படலமாக நின்று ஈரம் போவதைத் தாமதப்படுத்துகின்றன. ஈர முடியின் மேல் எண்ணெயைப் பூசினால் பயன் அதிகம் என்று ஸ்டைலிஸ்டுகள் சொல்வது இதனால்தான். வறண்ட முடியில் எண்ணெயைக் கொட்டினால் வறட்சியைத்தான் பூட்டி வைக்கிறோம்.

நேராக்கும் ரசாயனத்தின் கதை வேறு. கிளீவ்லாந்தில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்து வந்த காரெட் மோர்கன், ஊசி உராய்வைக் குறைக்க ஒரு திரவம் தயாரித்தபோது, அது கம்பளி இழைகளை நேராக்குவதைத் தற்செயலாகக் கவனித்தார் என்பார்கள். அதையே விற்பனைச் சரக்காக்கி 1913-ல் நிறுவனம் தொடங்கினார். பின்னால் வந்த 'ரிலாக்ஸர்'கள் பலவற்றில் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைத் திறக்கப் பயன்படும் அதே காரம். முடியின் உறுதிக்கு ஆதாரமே இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் டைசல்பைடு பிணைப்பு. இந்தக் காரம் அதிலிருந்து ஒரு கந்தக அணுவைப் பிடுங்கிவிடுகிறது. எஞ்சிய ஒற்றைக் கந்தகத்தோடு உருவாகும் புதிய பிணைப்பைத் திரும்ப மாற்ற வழியே இல்லை. தண்ணீரால் கலையும் அலங்காரத்துக்கும் இதற்கும் இதுதான் வித்தியாசம். புதிதாக முளைப்பது மட்டும் சுருண்டு வரும் என்பதால் ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை வேர்ப்பகுதிக்கு மட்டும் மறுபடி பூச வேண்டும். தோலில் பட்டால் எரியும், புண்ணாகும். எத்தனையோ சிறுமிகள் கண்ணீரோடு உட்கார்ந்திருந்து பழகிய எரிச்சல் அது.

2022-ல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த விவரத்தை வெளியிட்டார்கள். நேராக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடியவர்கள் 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம். இந்த வகை ஆய்வு காரணத்தை நிரூபிக்காது, தொடர்பைத்தான் காட்டும். ஆனாலும் ரசாயனத்தை விட்டுவிட எண்ணியிருந்த பலருக்கு இன்னொரு காரணம் கிடைத்தது. விட்டவர்கள் நேராக்கிய பகுதியை மொத்தமாக வெட்டிவிடலாம். 'பிக் சாப்' என்பது அதுதான். இல்லையென்றால் மாதக்கணக்கில் வளரவிட்டு நுனியைச் சிறிது சிறிதாகக் கழிக்க வேண்டும். அந்தக் காலத்தில் சுருண்ட வேரும் நேரான நுனியும் சந்திக்கும் இடம் மிகவும் பலவீனமாக இருக்கும்; ஸ்டைலிஸ்ட் அந்தக் கோட்டில் சீப்பைத் தொடவிடாமல் விரலாலேயே வேலை பார்ப்பார்.

பின்னல்தான் இந்தத் தொழிலின் பெரிய கலை. நான்கு முதல் எட்டு மணி நேரம் நின்றபடி, வால் போன்ற பிடியுள்ள சீப்பால் கட்டம் கட்டமாக வகிடெடுத்து, செயற்கை இழையைச் சேர்த்துப் பின்னி, கடைசியில் நுனிகளைக் கொதிநீரில் முக்கி அவிழாமல் செய்வார்கள். தலையோடு ஒட்டிப் பின்னும் 'கார்ன்ரோ' வரிசைகளில் ஒவ்வொரு பிரியும் ஒரே அளவு இழுவையில் இருக்க வேண்டும். இழுவை மிஞ்சினால் முதலில் சேதமாவது நெற்றிப்பொட்டின் மெல்லிய முடி. பின்னி முடித்ததும் வலித்தால், சிறு கொப்புளம் தெரிந்தால், அவிழ்த்துவிட வேண்டும். ஆரம்பத்தில் கவனித்தால் வேர் மீண்டு முளைக்கும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அங்கே தழும்புதான் மிஞ்சும். "இறுக்கமாக இருந்தால்தான் நாள்பட நிற்கும்" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல ஸ்டைலிஸ்ட் என்பேன்.

சிலர் செயற்கை இழைக்குப் பதிலாக மனித முடியையே சேர்த்துத் தைத்துக்கொள்வார்கள். அதில் கணிசமானது இந்தியாவிலிருந்து போவது; பழனியிலும் திருமலையிலும் மொட்டை போட்டுக் காணிக்கையாகத் தந்த முடி, ஏலம் போய் ஏற்றுமதியாகிறது. 2009-ல் நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக் எடுத்த 'குட் ஹேர்' ஆவணப்படம் அந்தப் பாதையைத் தேடி இந்தியா வரை வந்தது.

இத்தனை நுட்பம் கொண்ட தொழிலை அமெரிக்கச் சட்டங்கள் நீண்ட காலம் கண்டுகொள்ளவே இல்லை. பல மாநிலங்களில் பின்னல் போட வேண்டுமானால் ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் அழகுக்கலைப் பள்ளியில் படித்துப் பெற்ற உரிமம் வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் படிப்பில் பின்னலுக்குப் பெரும்பாலும் இடமே இருக்கவில்லை. டல்லஸில் ஐசிஸ் பிராண்ட்லி 1997-ல் உரிமம் இல்லாமல் பின்னியதற்காகக் கைது செய்யப்பட்டார். பிறகு பின்னல் சொல்லித்தர அவர் பள்ளி நடத்த விரும்பியபோது, 2,000 சதுர அடி இடமும் முடிதிருத்தும் நாற்காலிகளும் கழுவுதொட்டிகளும் வேண்டும் என்றது டெக்சாஸ். பின்னலுக்கு வேண்டியது ஒரு நாற்காலியும் சீப்பும் விரல்களும்தான். அவர் வழக்குப் போட்டார். 2015-ல் நீதிமன்றம் அந்த விதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்றது. அதே ஆண்டு டெக்சாஸ் பின்னலுக்கான உரிமத்தையே எடுத்துவிட்டது.

சுருட்டை முடியோடு வேலைக்கும் பள்ளிக்கும் போகும் உரிமையைக் காக்க 2019-ல் கலிபோர்னியா 'கிரவுன் ஆக்ட்' என்ற சட்டத்தை முதலில் கொண்டுவந்தது. 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்துள்ளன. 2023-ல் நியூயார்க் இன்னொரு பக்கத்திலிருந்து கை வைத்தது: அழகுக்கலைப் பள்ளிகள் எல்லா வகை முடியையும் கையாளச் சொல்லித்தர வேண்டும் என்று சட்டம் செய்தது. அங்கே புதிதாகப் படித்து வருபவர், தன் நாற்காலியில் வந்து உட்காரும் கறுப்பினப் பெண்ணிடம் "இந்த மாதிரி முடியை நாங்கள் தொடுவதில்லை" என்று சொல்லத் தேவையில்லாத அளவுக்காவது சுருளைப் பற்றித் தெரிந்திருப்பார்.