கறள் ஏறிய சில்லும் வாவிக்கரை உப்பும்

அமிர்தகழியில் மோட்டார் சைக்கிளை இரவு முழுவதும் முற்றத்தில் விட்டுக் காலையில் சில்லைத் தொட்டுப் பாருங்கள். விரல் பிசுபிசுக்கும். வாவி அருகில், முகத்துவாரத்துக் கடலும் தூரமில்லை. காற்றோடு வரும் உப்பு றிம்மில் படிகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். எமது பகுதியின் இரவுகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவையே. ஆகவே மழையே படாத வண்டியும் உப்பு நீரில் நிற்பது போலத்தான்.

இடம்பெயர்ந்து வந்து தறப்பாளின் கீழ் இருப்பவர்களின் வண்டிக்குக் கூரை ஏது? ஆனால் வயலுக்குப் போவதும், உரப்பையை ஏற்றுவதும், பிள்ளையைப் பாடசாலையில் இறக்குவதும் அதே வண்டியில்தான். மலைப்பொழிவில் துருவைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் அது தங்கள் றிம்மில் ஏறும்போது மனம் பொறுப்பதில்லை.

வெள்ளிபோல் மினுங்கும் றிம் முழுவதும் ஒரே உலோகம் அல்ல. உள்ளே உருக்கு, அதன்மேல் நிக்கல், அதற்கும் மேலே குரோமியம். அந்தக் குரோமியப் படலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அதிலுள்ள நுண்ணிய வெடிப்புகளால் உப்புநீர் உள்ளே இறங்கி உருக்கைத் தொட்டதும், கபில நிறப் புள்ளிகளாகக் கறள் வெளியே வரும். மணலும் தும்பும் போட்டு உரஞ்சினால் கறளோடு படலமும் தேய்ந்துபோகும். கழிவறை கழுவும் அசிட் இன்னும் மோசம். அது குரோமியத்தையே கரைத்துவிடும். அன்று மினுங்கும், அடுத்த மாதம் முழுவதும் கபிலமாகும்.

முதலில் உவரில்லாத கிணற்றுநீரும் சவர்க்காரமும் கொண்டு உப்பைக் கழுவுங்கள். பின்னர் சொக்கலேற் சுற்றிவரும் ஈயத்தாளைக் கசக்கி, நீரில் தோய்த்து, புள்ளிகள்மேல் மெதுவாகத் தேயுங்கள். பெயர்தான் ஈயத்தாள், பொருள் அலுமினியம். அது குரோமியத்தைவிட மென்மையானது, ஆகையால் கீறாமல் கறளை எடுக்கும். விடாத புள்ளிக்கு வினாகிரியில் நனைத்த சீலையைப் பத்து நிமிடம் வைத்துத் தேய்க்கலாம். அதன்பின் நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும்; புளிப்பு தங்கினால் கறள் மறுபடி தொடங்கும். காய்ந்ததும் மெழுகு பூசுங்கள். மெழுகு இல்லாவிட்டால் தையல் மெசின் எண்ணெய் மெல்லியதாகப் போதும். பிறேக்கிலோ டயரிலோ ஒரு துளியும் படக்கூடாது.

புதிய வண்டிகளின் அலோய் சில்லு அலுமினியக் கலவை. பித்தளைப் பாத்திரம் விளக்கிய பழக்கத்தில் அதற்குச் சாம்பல் போட வேண்டாம். சாம்பற் காரம் அலுமினியத்தை அரிக்கும். சவர்க்கார நீரே போதும்.

இவ்வளவும் மேற்பரப்புக்குரிய வேலை. ஆபத்து இருப்பது வேறிடத்தில். கம்பிகள் றிம்மில் பொருந்தும் துவாரங்களிலும், டயருக்குள் மறைந்த உட்புறத்திலும் நீர் தேங்கிக் கறள் கண்ணில் படாமல் வளர்கிறது. வெளியே கண்ணாடிபோல் மினுங்கும் றிம்மும் உள்ளே செதில்விட்டிருக்கலாம். ரியூப் ஒட்டக் கடைக்குப் போகும்போது டயர் கழன்றதும் நீங்களே குனிந்து பாருங்கள். கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். தளர்ந்த கம்பியை அன்றே இறுக்குவியுங்கள். நகத்தால் சுரண்டும்போது செதில் செதிலாக உதிர்ந்தால் அந்த றிம்மை மினுக்கிப் பயனில்லை. மாற்றும்வரை அந்த வண்டியில் நெல்மூட்டையும் வேண்டாம், பின்னால் பிள்ளையும் வேண்டாம்.