தோற்ற சாயங்கள் எங்கே?

கணிப்பொறியிலே சாயம் காய்ச்ச முடியுமா என்று கேட்டு நகைக்கிறார்கள் சிலர். நகைப்பது அவர்கள் உரிமை. நடந்ததைத் தெரிந்துகொண்டு நகைக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

1991இல், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், பிரையன் ஓரீகனும் மைக்கேல் கிரேட்செலும் ஒரு மின்கலத்தைச் செய்து காட்டினர். வெள்ளைப் பெயிண்டிலே கலக்கிறார்களே, அந்த டைட்டானியம் டை ஆக்சைடு; அதன் நுண்துகள்மீது ஒரு சாயம். ஒளி பட்டதும் சாயம் தன் எலெக்ட்ரானைத் துகளுக்குத் தள்ளும். இழந்ததை அயோடின் கரைசல் ஈடுசெய்யும். திறன் 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

அந்தச் சாயத்தின் நடுவே வீற்றிருந்ததோ ருதீனியம்! தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் பிளாட்டினத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் அரிய உலோகம். ஏழையின் கூரைக்கு மின்சாரம் என்று முழங்கிவிட்டு, எண்ணிச் சொல்லக்கூடிய சில சுரங்கங்களின் வாசலில் காத்து நிற்பதா? ஆகவேதான், உலோகமில்லாத கரிமச் சாயங்களைத் தேடலாயினர்.

தேடுவது எளிதன்று. ஒரு முனையில் எலெக்ட்ரானை ஈயும் பகுதி, மறுமுனையில் வாங்கும் பகுதி, இடையே பாலம். ஒளியால் கிளர்ந்த எலெக்ட்ரானின் ஆற்றல் மட்டம் துகளின் மட்டத்துக்கு மேலே நிற்கவேண்டும், இல்லையேல் தாவாது. அது விட்டுச்சென்ற இடம் அயோடினின் மட்டத்துக்குக் கீழே இருக்கவேண்டும், இல்லையேல் நிரம்பாது. காய்ச்சுமுன்னரே இம்மட்டங்களைக் கணக்கிடும் வழிக்கு 1964, 1965ஆம் ஆண்டுகளில் அடிக்கல் நாட்டியவர்களில் முதல்வர் வால்ட்டர் கோன். 1998இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கேம்பிரிட்ஜின் ஜாக்குலின் கோல் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2019இல் வெளிவந்த அவர்கள் ஆய்வில், அச்சான ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கணிப்பொறியே படித்து 9,431 சாயங்களைத் திரட்டிற்று. சலித்துச் சலித்து, ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் ஆறு சேர்க்கைகளே மிஞ்சின. அவற்றுள் ஒன்று, பேர்பெற்ற ருதீனியச் சாயத்துக்கு இணையாக மின்சாரம் தந்தது!

கூரையைத்தான் சிலிக்கன் பிடித்துக்கொண்டதே, இனி இது எதற்கு என்பார்கள். கூரையைப் பிடித்தது உண்மை, மறுப்பது நேர்மையன்று. ஆனால் வீட்டுக்குள்ளே எரியும் விளக்கொளி இருக்கிறதே! 2017இல் இரண்டு கரிமச் சாயங்களைக் கலந்து செய்த கலம், 1,000 லக்ஸ் விளக்கொளியில் 28.9 விழுக்காடு திறன் காட்டிற்று.

நம் வழக்கு வேறு. அந்த 9,431உம் ஏடேறியவை. ஏடேறுவது பெரும்பாலும் வெற்றி. காய்ச்சியும் தேறாமல் குப்பிகளோடு தூக்கியெறியப்பட்ட சாயங்களைக் கணிப்பொறி எங்கே படிக்கும்? எது வேலைசெய்யாது என்பதை அறியாத கணக்கு, ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கணக்கு. ஒரு கூடத்தில் தோற்ற சாயத்தையே இன்னொரு கூடத்தில், வேறொரு மாணவன், மாதக்கணக்கில் மறுபடி காய்ச்சுகிறான். செலவு யாருடையது? வரி கட்டுகிறவனுடையது!

பொதுப்பணத்தில் இயங்கும் ஒவ்வோர் ஆய்வுக்கூடமும், கைவிட்ட சாயங்களின் அமைப்பையும் அளவுகளையும் ஆண்டுதோறும், யாரும் காசின்றிப் படிக்கும்படி வெளியிடவேண்டும். பணம் தரும் அரசுகள் இதை நிபந்தனையாகவே எழுதிவைக்கட்டும். எத்தனை நாள் வெயிலில் தாங்கிற்று, எப்போது வெளுத்தது என்பதும் அதில் இருக்கவேண்டும்.