40 கிலோபைட்டில் இணையம்

கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிகளுக்கு நிரல் எழுதுவது என் வேலை. கிணற்று மேட்டில் மாட்டும் பெட்டி அது. மூன்று ஃபேஸும் வருகிறதா, மோட்டார் எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கிறது, தண்ணீர் வற்றி ட்ரை ரன் ஆகிறதா என்பதையெல்லாம் கவனித்துத் தோட்டத்துக்காரரின் போனுக்குச் சொல்ல வேண்டும். அவர் அங்கிருந்து அமுக்கினால் மோட்டார் ஓட வேண்டும், நிற்க வேண்டும். உள்ளே இருப்பது ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி32 சிப். அதன் ரேம் 520 கிலோபைட். 4 ஜிபி ரேம் உள்ள போனோடு வைத்துப் பார்த்தால் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. வைஃபை, மோட்டார் பாதுகாப்பு, என்னுடைய நிரல் எல்லாம் அதற்குள்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இருந்தும் அந்தப் பெட்டி இணையத்தில் பேசுகிறது. வங்கிகளின் சர்வர்கள் தமக்குள் கடைப்பிடிக்கும் அதே விதிகளை அதுவும் கடைப்பிடித்துப் பேசுகிறது. இதைச் செய்து கொடுப்பது எல்டபிள்யூஐபி என்ற நிரல் தொகுப்பு. லைட்வெயிட் ஐபி என்பதன் சுருக்கம். சி மொழியில் எழுதப்பட்டது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் படிக்கலாம், மாற்றலாம், தங்கள் பொருளில் வைத்து விற்கலாம். நிரலின் அளவு ஏறத்தாழ 40 கிலோபைட். ஓடுவதற்குச் சில பத்து கிலோபைட் ரேம் இருந்தால் போதும். கடையில் வாங்கும் வைஃபை பல்பிலும் ஸ்மார்ட் பிளக்கிலும் இது இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, ஆனால் அட்டைப்பெட்டியில் அதன் பெயர் இருக்காது. பெயர் தெரியாமலே நாம் அன்றாடம் நம்பியிருக்கும் இந்த வேலையைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

முதலில், அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தகவல் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் போகிறது. போய்ச் சேரும் என்று யாரும் உறுதி தருவதில்லை. சில வழியில் தொலையும், சில முன்பின்னாக வரும், சில இரண்டு தடவை வரும். இதையெல்லாம் சரிக்கட்டுவது டிசிபி என்ற நெறிமுறை. அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் கொடுத்து, மறுமுனை "வந்து சேர்ந்தது" என்று சொல்லும் வரை கையில் வைத்திருந்து, பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1970-களில் வகுத்தது. 1981-இல் நிலையான ஆவணமாக வெளிவந்தது.

அதற்கு அப்புறம் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் 40 பிட்தான் போயிற்று. எந்த வயரும் அறுந்து போகவில்லை. பதில் வரவில்லையே என்று ஒவ்வொரு கணினியும் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி, எல்லாமாகச் சேர்ந்து வழியை அடைத்துவிட்டன. வேன் ஜேக்கப்சன் 1988-இல் இதற்கு வழி சொன்னார். பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு உடனே வேகத்தைக் குறை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. இப்படி ஒதுங்கிப் போவதில் ஒதுங்குபவருக்கு உடனடி லாபம் கிடையாது, அதே வழியில் வரும் மற்றவர்களுக்குத்தான் லாபம். ஆகவே, இடம் போதாத சிப்புகளுக்கு நிரல் எழுதியவர்கள் பலர் கத்தரி வைத்த முதல் இடங்களில் இதுவும் ஒன்று.

ஸ்வீடனின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே லூலியோ என்ற ஊர் இருக்கிறது. ஐஸ் ஹாக்கிக்குப் பேர் போன ஊர். 2000-ஆம் ஆண்டு வாக்கில் அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அரீனா என்றொரு ஆய்வுத் திட்டம் நடந்தது. ஹாக்கி வீரர்களின் உடம்பில் சின்னச் சின்ன உணரிகளை மாட்டி, நாடித்துடிப்பு போன்றவற்றை ஆட்டத்தின் நடுவே கம்பியில்லாமல் அனுப்ப வேண்டும் என்பது யோசனை. உடம்பில் மாட்டும் பொருளில் பெரிய கணினியை வைக்க முடியாது. அந்த வேலையில் இருந்த ஆடம் டன்கெல்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கியதுதான் எல்டபிள்யூஐபி. 2001-இல் ஸ்வீடன் கணினி அறிவியல் நிறுவனத்தின் பெயரில் அதன் வடிவமைப்பை விளக்கும் ஆவணம் வந்தது. நிரலின் முக்கியமான கோப்புகளின் தலையில் அந்த நிறுவனத்தின் பெயரை இன்றும் பார்க்கலாம்.

அதற்கு முன்பும் சிறிய சிப்புகளுக்கு டிசிபி எழுதியவர்கள் உண்டு. பாக்கெட்டுகள் வரிசையாகத்தான் வரும் என்று வைத்துக்கொள்வார்கள். மறுபடி அனுப்புவதை விட்டுவிடுவார்கள். நெரிசலைக் கண்டுகொள்ள மாட்டார்கள். மேசை மேல் இரண்டு கருவிகளை வைத்துச் சோதித்தால் அது நன்றாகவே ஓடும். டன்கெல்ஸ் இன்னும் சின்ன 8 பிட் சிப்புகளுக்காக எழுதிய மைக்ரோ ஐபியைப் பற்றி 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் அவர் போட்ட கோடு எனக்கு மிகப் பிடிக்கும். ஒரு கருவிக்குள்ளேயே, பயன்பாட்டு நிரலுக்கும் டிசிபிக்கும் நடுவே இருக்கும் வசதிகளை வெட்டலாம், அது அந்தக் கருவியின் சொந்த விஷயம். இரண்டு கருவிகளுக்கு இடையே நடப்பதைத் தீர்மானிக்கும் எதையும் வெட்டக் கூடாது. இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து அவருடைய நிரலைப் படிக்கும்போதும் அந்தக் கோடு தாண்டப்படாமல் இருப்பதைப் பார்க்கிறேன். எங்கள் தொழிலில் இவ்வளவு தெளிவாக எல்லையை வகுத்தவர்கள் குறைவு.

அந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டே எவ்வளவு சுருக்க முடியும் என்பதற்கு மைக்ரோ ஐபியே சாட்சி. அனுப்பிய தகவலை அது கையில் வைத்துக்கொள்வதே இல்லை, ஏனென்றால் வைக்க இடமில்லை. பாக்கெட் தொலைந்தால், "போன தடவை கொடுத்ததை மறுபடி உருவாக்கிக் கொடு" என்று பயன்பாட்டு நிரலையே கேட்கும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு பாக்கெட்தான் வழியில் இருக்கும். இதில் ஒரு சிக்கல் வந்தது. பெரிய கணினிகள் இரண்டு பாக்கெட்டுக்குச் சேர்த்து ஒரு பதில் அனுப்பும் பழக்கம் உள்ளவை. ஒன்று மட்டும் வந்தால், இன்னொன்று வருமா என்று 200 மில்லி வினாடி வரை காத்திருக்கும். இங்கேயோ பதில் வராமல் இரண்டாவது போகாது. ஆக இரு பக்கமும் சும்மா காத்திருக்கும். அனுப்பும்போதே ஒரு பாக்கெட்டை இரண்டு துண்டாக வெட்டி அனுப்பினால் உடனே பதில் வந்துவிடுகிறது! விதி எதையும் மீறாத தீர்வு.

எல்டபிள்யூஐபிக்கு இவ்வளவு நெருக்கடி இல்லை. அது அனுப்பியதை வரிசையில் வைத்திருக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட பாக்கெட்டுகளை வழியில் விடும், முன்பின்னாக வந்ததை அடுக்கும். அது இடத்தை மிச்சம் பிடிப்பது வேறு வகையில், தகவலை நகல் எடுக்காமல் இருப்பதன் மூலம். சாதாரணமாகப் பயன்பாட்டு நிரல் கொடுத்ததை டிசிபி ஒரு தடவை நகலெடுக்கும், கீழே இருக்கும் அடுக்கு இன்னொரு தடவை எடுக்கும். ஒரே தகவல் ரேமில் இரண்டு மூன்று இடத்தில் கிடக்கும். எல்டபிள்யூஐபியில் பிபஃப் என்றொரு அமைப்பு. ரயில் பெட்டிகளைக் கோப்பது மாதிரி துண்டுகளைக் கோத்து ஒரே பாக்கெட்டாக அனுப்பலாம். எங்கள் ஸ்டார்ட்டரை முதன்முதலில் வீட்டு வைஃபையோடு இணைக்க ஒரு சின்ன வலைப்பக்கம் வரும். அந்தப் பக்கம் மாறவே மாறாது. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதை ரேமுக்குக் கொண்டுவரவே வேண்டாம். பாக்கெட்டின் முன்னால் முகவரி, வரிசை எண் போன்றவற்றைத் தாங்கி வரும் தலைப்புக்கு மட்டும் ரேமில் ஒரு சின்னத் துண்டு, அதன் பின்னால் ஃபிளாஷில் கிடக்கும் பக்கத்தைச் சுட்டும் இன்னொரு துண்டு.

தலைப்புகளிலும் அதே சிக்கனம்தான். டிசிபிக்கு 20 பைட், ஐபிக்கு 20, ஈதர்நெட்டுக்கு 14 ஆக 54 பைட் இடத்தைத் தகவலுக்கு முன்னால் ஆரம்பத்திலேயே காலியாக விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு அடுக்கும் பின்னோக்கி நகர்ந்து தன் பங்கை எழுதிவிட்டுப் போகும். எதையும் தள்ளி வைக்கத் தேவையில்லை.

நினைவகத்தை ஒதுக்கும் முறையும் கவனிக்கத் தக்கது. வெவ்வேறு அளவில் எடுத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தால், மொத்தத்தில் இடம் இருந்தும் துண்டு துண்டாகச் சிதறி எதற்கும் உதவாமல் போகும். வருஷக்கணக்கில் அணையாமல் ஓட வேண்டிய பெட்டிக்கு அது ஆகாது. அதனால் ஒரே அளவுத் துண்டுகளை முன்கூட்டியே எண்ணி வைக்கும் முறையும் இதில் இருக்கிறது. எத்தனை இணைப்பு, எத்தனை பாக்கெட் துண்டு, ஒரு பாக்கெட் எவ்வளவு பெரியது என்பதையெல்லாம் ஒரே அமைப்புக் கோப்பில் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் 5 டிசிபி இணைப்பு, 16 பாக்கெட் துண்டு என்று அது எடுத்துக்கொள்ளும்.

இடம் தீர்ந்தபின் புது இணைப்பு வந்தால் என்ன செய்யும்? பேசி முடித்து, தாமதமாக ஏதாவது வருமோ என்று காத்திருக்கும் பழைய இணைப்பை முதலில் விடுவிக்கும். அதுவும் இல்லையென்றால் மூடப்படும் தறுவாயில் இருப்பதை, அப்புறம் முக்கியத்துவம் குறைந்ததை. இந்த வரிசையை நிரலில் படித்தபோது, எழுதியவர்களின் அக்கறை மேல் எனக்கு மரியாதை கூடியது.

இந்தத் தொகுப்பில் கறாரான ஒரு விதி உண்டு. அதன் உள்ளே ஒரு சமயத்தில் ஒருவர்தான் நுழையலாம். மோட்டாரைக் கவனிக்கும் பணி ஒருபுறம் ஓடும்போது, அதிலிருந்து நேராக டிசிபியின் உள் செயல்களைக் கூப்பிட்டால் பட்டியல்கள் குலைந்துபோகும். ஒரு போர்டு விற்பனையாளர் கொடுத்த மாதிரி நிரலில் இந்தத் தவறு இருந்தது. பெட்டி நாள் கணக்கில் நன்றாக ஓடும். திடீரென்று ஒரு இரவில் பேச்சு நின்றுவிடும். ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடி சரி. இப்படிப்பட்ட கோளாறைத் தேடுவதுதான் எங்கள் வேலையிலேயே மிகக் கடினம். 2018-இல் வந்த 2.1 பதிப்பில் இதற்கென ஒரு சோதனை சேர்த்திருக்கிறார்கள். நாம் அதை இயக்கி வைத்தால், தவறான இடத்திலிருந்து கூப்பிட்ட அந்தக் கணமே காட்டிக் கொடுத்துவிடும். மாதிரி நிரலின் தவறை எங்களுக்குச் சுட்டிக் காட்டியது அதுதான்.

பாதுகாப்பு பற்றி இரண்டு விஷயம். ஒரு சர்வரின் பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வியை அனுப்பும்போது அதற்கு ஊகிக்க முடியாத எண் ஒன்றை இட வேண்டும். இல்லாவிட்டால் வெளியாள் பொய்ப் பதில் அனுப்பிக் கருவியை வேறு சர்வருக்குத் திருப்பலாம். எல்டபிள்யூஐபியின் 1.4.1 வரையிலான பதிப்புகள் ஊகிக்கக்கூடிய எண்ணையே இட்டன என்று 2014-இல் வெளியாயிற்று. மைக்ரோ ஐபியிலும் அதே குறை. பிறகு, 2020 டிசம்பரில் ஃபோர்ஸ்கவுட் என்ற பாதுகாப்பு நிறுவனம் இப்படிப்பட்ட ஏழு திறந்த மூலத் தொகுப்புகளை ஆராய்ந்து, நான்கில் மொத்தம் 33 ஓட்டைகளைக் கண்டுபிடித்தது. அந்த நான்கில் மைக்ரோ ஐபி இருந்தது, எல்டபிள்யூஐபி இல்லை. இரண்டையும் தொடங்கியவர் ஒரே ஆள். எல்டபிள்யூஐபியைக் கீரன் மான்ஸ்லி, சைமன் கோல்ட்ஷ்மிட் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து வந்தார்கள். அனுப்பப்படும் திருத்தங்களைப் படித்தார்கள், தப்பானதைத் திருப்பி அனுப்பினார்கள். மைக்ரோ ஐபியோ பல கிளைகளாகப் பிரிந்து, பல கருவிகளுக்குள் அப்படியே நின்றுவிட்டது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் அந்த உழைப்பு என்றே நான் நம்புகிறேன்.

எல்டபிள்யூஐபி 2.2 பதிப்பு 2023-இல் வந்துவிட்டது. ஆனாலும் 2012-இல் வந்த 1.4.1-ஐ வைத்துக்கொண்டு இன்றும் விற்கும் போர்டுகளை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். உரிமம் அதைத் தடுக்காது. பதிப்புரிமை வரிகளை அழிக்காமல் வைத்திருந்தால் போதும் என்கிறது, அவ்வளவுதான். புதுப்பிப்பது முழுக்கப் பொருளைச் செய்பவரின் பொறுப்பு. அதனால் எந்த போர்டை வாங்கும் முன்பும் இதில் எந்தப் பதிப்பு இருக்கிறது, அடுத்தது வந்தால் எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்கிறேன். எங்கள் ஸ்டார்ட்டரில் 4 எம்பி ஃபிளாஷ். அதில் நிரலுக்கு ஒன்றல்ல, இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஒன்றிலிருந்து மோட்டார் ஓடும். மற்றொன்றில் புதுப் பதிப்பு இணையம் வழியாக வந்து இறங்கும். சரியாக இறங்கிய பிறகே அதற்கு மாறும். இரண்டாவது இடத்தை எடுத்துவிட்டு 2 எம்பி சிப்பைப் போட்டால் விலை குறையுமே என்று தொழிற்கூடத்தில் அவ்வப்போது கேட்கிறார்கள். பெட்டியின் விளக்கை வெட்டலாம், வலைப்பக்கத்தின் அழகை வெட்டலாம், இணைப்பு எண்ணிக்கையைக்கூட மூன்றாகக் குறைக்கலாம் என்கிறேன். அந்த இரண்டாவது இடத்தை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.