மரக்குடிலும் அரட்டை அறையும்

கொவிட் நோயால் பாடசாலைகள் மூடிக்கிடந்த 2021ஆம் ஆண்டில், எங்கள் ஊவாவின் லுணுகலைச் சிறுவர்கள் பாடம் பெற்ற விதம் உலகச் செய்தியாயிற்று. காட்டினுள்ளே மலையுச்சியில், ஏறக்குறைய 30 அடி உயரத்தில் ஒரு மரக்குடில். அங்கேதான் இணைய அலை எட்டியது. பெரியவர்கள் துணைக்கு வர, பிள்ளைகள் முறைவைத்து ஏறிப் பாடங்களைப் பெற்றார்கள், எழுதியவற்றை அனுப்பினார்கள். அவர்களது ஊக்கத்தைப் பலரும் புகழ்ந்தனர். பாடத்தின் பாரத்தைப் பற்றிப் பேசியோர் சிலரே.

பாரம் என்றேன். காட்சிப்பாடம் நிமிடத்துக்குப் பல மெகாபைட்டுகளை விழுங்கும். வெறும் எழுத்துக்கு அவ்வளவு வேண்டுமா? 1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினன் என்பவர் ஐ.ஆர்.சி. என்னும் அரட்டை முறையை அமைத்தார். படமில்லை, குரலில்லை. ஒருவர் எழுதும் வரியை அறையிலுள்ள அனைவரும் அக்கணமே படிப்பர். 1993இல் வெளியான அதன் விதிப்படி ஒரு வரிக்கு உச்சவரம்பு 512 பைட்டுகள். யூ.டி.எப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகளைக் கொள்ளும். ஆயினும் ஒரு திருக்குறளும், அதன் பொருளென்ன என்ற வினாவும் அவ்வொரு வரியில் தாராளமாக அடங்கும். நலிந்த அலையிலும் அது போய்ச்சேரும்.

‘அரட்டை’ என்ற பெயர்தான் அதற்கு இழுக்கு. உண்மையில் கணினி நிரல் எழுதுவோர் பல்லாண்டுகளாக அதைப் பள்ளியாகவே பயன்படுத்திவருகின்றனர். லிபெரா சற் போன்ற இடங்களில் இன்றும் கூடுகின்றனர். “ஒன்று கேட்கலாமா?” என்று தயங்காதே, கேள்வியையே கேள் என்பது அங்குள்ள மரபு. கேள்வியை ஒழுங்காக எழுத முனையும்போதே பாதி ஐயம் தெளிந்துவிடுகிறது. பேசாதிருந்து படிப்பவனும் பயன் பெறுகிறான். வகுப்பில் எழுந்துநிற்கக் கூசும் தோட்டத்துப் பிள்ளைக்கு, முகங்காட்டாமல் கேட்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

குறையும் உண்டு. அக்கால ஐ.ஆர்.சி., அறையில் இல்லாதவனுக்கு எதையும் சேமித்து வைப்பதில்லை. மரத்திலிருந்து இறங்கியவன் பின்னர் வந்ததை இழப்பான். அதைவிடப் பெரிய குறை வேறு. கடவுச்சொல்லிட்டு அறையைப் பூட்டலாம், ஒழுங்கு மீறுபவரை ஆசிரியர் வெளியேற்றலாம். ஆனால் இருவர் தனியே செய்தி பரிமாறும் வழி அவர் கண்ணுக்குத் தெரியாது. சிறுவருக்கான அறையில் அவ்வழியை முதலில் அடைத்தாகவேண்டும்.

அதன் பின் மாலையில் ஒரு மணிநேரம், கணிதத்துக்கு ஓர் ஆசிரியர், விஞ்ஞானத்துக்கு ஓர் ஆசிரியர் போதும். கேள்விகளையும் விடைகளையும் அச்சிட்டு, மறுநாட் காலையில் பாடசாலைச் சுவரில் ஒட்டிவிட்டால், கைத்தொலைபேசி இல்லாத பிள்ளையும் நின்று படிக்கும்.