'ஞான ஒடுக்கம்' என்னும் வழக்கு

தமிழ்க் கத்தோலிக்கர், உலகியல் அலுவல்களினின்று நீங்கிச் சில நாள் தனித்திருந்து மறைநூல் ஓதிச் செபித்திருத்தலை 'ஞான ஒடுக்கம்' என வழங்கி வந்தனர். இவ்வழக்கு இன்று அருகி, அதனிடத்தில் 'தியானம்' என்னும் சொல்லே பெரிதும் நிற்கின்றது. முதுகலை வகுப்பொன்றில் இத்தொடர்க்குப் பொருள் வினவியபோது, நன்கு பயிலும் மாணாக்கர் ஒருவர் 'அறிவை நசுக்குதல்' என்றார். அவரை நகுதற்கில்லை. ஒடுக்குமுறை, ஒடுக்கப்பட்டோர் என்னும் சொற்கள் நாளும் செவிப்படும் காலம் இது. ஆயினும் அப்பொருள் பிழையே.

ஒடுங்கு என்பது தன்வினை; ஒடுக்கு என்பது அதன் பிறவினை. அடங்கு அடக்கம் எனவும், மயங்கு மயக்கம் எனவும் ஆயினாற்போல, ஒடுங்கு என்பதினின்று ஒடுக்கம் பிறந்தது. ஆகலின் ஈண்டு ஒடுக்குவார் பிறர் இலர். ஒடுங்குவார் தாமே ஒடுங்குகின்றார். புலனடக்கத்திற்கு ஆமையை உவமை கூறிய வள்ளுவர் கருத்தும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஆமையின் உறுப்புகளைப் பிறர் உள்ளே தள்ளுவதில்லை.

சைவ சித்தாந்தத்தில், உலகம் தன் முதலிற் சென்று அடங்குதல் ஒடுக்கம் எனப்படும். துறவியர் சமாதியுற்ற இடத்தை ஒடுக்கம் என்றலும் உண்டு. சுயம்பிரகாச சுவாமிகளின் சமாதி அமைந்த எங்கள் சேந்தமங்கலத்தார்க்கு இப்பொருள் விளக்கவேண்டுவதன்று. தத்துவபோதகர் எனப் பெயர் பூண்ட இராபர்ட் தெ நோபிலி 1623இல் மதுரையினின்று வடக்கே புறப்பட்டு வந்ததும் இவ்வூர்க்கே; அந்நாளில் இதனை ஆண்டவர் இராமச்சந்திர நாயக்கர். இந்நாட்டுத் துறவியர் கோலமும் சொல்லும் மேற்கொண்டு மறையுரைத்த நோபிலியின் நெறியில், சமயச் சொற்கள் இருபாலார்க்கும் பொதுவாயின.

அந்நெறியில் வந்த வீரமாமுனிவர் 1727இல் 'வேதியர் ஒழுக்கம்' இயற்றினார். வேதியர் என்றது ஈண்டு அந்தணரை அன்று, மறையுரைக்கும் உபதேசியாரை. முனிவர் சார்ந்த இயேசு சபையின் ஒடுக்க முறை, இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளின் வழிப்பட்டது. அந்நூல் 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. முழுமையாகச் செய்யின் ஏறத்தாழ முப்பது நாள். சுருக்கின் எட்டு நாள். பயிற்சி தருவோர் இடைப்புகாது, படைத்தவனும் படைக்கப்பட்ட உயிரும் நேரே உறவாட விடுதல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஒடுக்கம் தன்வினை என மேலே கூறியதற்கு இவ்விதி அரணாகும்.

ஒடுக்கத்தில் மறைநூல் ஓதும் முறை இருவகைப்படும். எரிகோ நகர்ப் பார்வையற்றோன் பர்த்திமேயுவின் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். இஞ்ஞாசியார் முறையில் ஓதுவான் அவ்வழியோரத்தில் தானும் நிற்பதாகக் கற்பனை செய்து, கூட்டத்தின் அதட்டலைக் கேட்கிறான். அவன் மேலாடையை எறிந்து எழுதலைக் காண்கிறான். மற்றொன்று பழைய மடங்களின் முறை. அதிற் காட்சி வேண்டப்படுவதில்லை. பகுதியை மெல்ல, வாய்விட்டு, இருமுறை மும்முறை ஓதுவர். நெஞ்சில் தைத்த ஒரு சொல்லில் நின்றுவிடுவர். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குய்கோ இதனை ஓதல், உள்ளுதல், மன்றாடல், ஒன்றி நிற்றல் என நாற்படியாக்கினார்.

இரண்டாம் படியை மேலைத் துறவியர் அசைபோடுதல் என்றே குறித்தனர். தலைமாணாக்கனுக்கு ஆவை உவமை கூறிய பவணந்தியார் நினைவுக்கு வராமற் போகார். வயிறார மேய்ந்து, ஓரிடத்தே அமர்ந்து, மீட்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லும் ஆ அது. எனினும் இரண்டும் ஒன்றெனல் பொருந்தாது. நன்னூல் மாணாக்கன் அசைபோடுவது பாடம் நிலைபெறுதற்கு. துறவி அசைபோடுவதோ, பாடம் வேண்டுகோளாக மாறி, அவ்வேண்டுகோளும் அவிந்து, வாளா இருத்தற்கு. பவணந்தியாரின் ஆ இரண்டாம் படியோடு நின்றுவிடுகின்றது.

தியானம் என்னும் சொல்லும் அவ்விரண்டாம் படிக்கே உரியது. அதனை நாற்படிக்கும் பெயராக்கின், ஈற்றுப் படி பெயரின்றி நிற்கும். ஒலிபெருக்கி வைத்துப் பல்லாயிரவர் கூடும் சொற்பொழிவும் தியானம் எனப்படுகின்ற இந்நாளில் இம்மயக்கம் மிகும். அகராதி தொகுக்கும் மாணாக்கர் ஞான ஒடுக்கத்தைப் பழவழக்கு எனக் குறித்து ஒதுக்காது, ஒடுங்கு என்னும் தன்வினையின்கீழ் வைத்துப் பொருள் எழுதுதல் வேண்டும்.