கடற்பாசிச் சாறும் காப்புரிமையும்: கரைக்குத் தெரிந்தது கிண்டிக்குத் தெரியுமா?

இராமநாதபுரம் மாவட்டக் கரையில் கடற்பாசி என்பது ஒரே பொருளன்று. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பாறைகளில் பெண்கள் முக்குளித்துப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை ஆகியவை ஒரு வகை. பிலிப்பைன்ஸ் கடலிலிருந்து ஜப்பான் வழியாக வந்து, 1990களின் நடுவில் மண்டபத்தில் வளர்த்துப் பார்க்கப்பட்டு, பின்னர் பெப்சி நிறுவனத்தின் முதலீட்டால் பரவி, அதனாலேயே ஊர்வழக்கில் ‘பெப்சி பாசி’ என்று பெயர்பெற்ற கப்பாஃபைகஸ் மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகையைச் சுற்றி ஆய்வகம், ஆலை, உரக்கடை, காப்புரிமை என்று ஒரு தனி உலகமே எழுந்திருக்கிறது. அவ்வுலகில் மிதவை கட்டுபவருக்கு என்ன உரிமை, என்ன ஆபத்து, என்ன பரிகாரம் என்பது பெரும்பாலும் காப்புரிமைச் சட்டத்தின் ஒரே கேள்வியைச் சார்ந்திருக்கிறது: உரிமை கோரப்படுவது உண்மையிலேயே புதுச் சிந்தனையா, அல்லது அத்தொழில் தெரிந்த எவருக்கும் தானாகத் தோன்றக்கூடியதா?

காப்புரிமை என்பது, ஒரு கண்டுபிடிப்பை முழுமையாக எழுதி வெளியிடுவதற்கு ஈடாக, விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குப் பிறர் அதைச் செய்யவோ விற்கவோ தடைவிதிக்க அரசு அளிக்கும் உரிமை. ஒரு பொருள் இதற்கு முன் இருந்ததில்லை என்று காட்டினால் மட்டும் அந்த உரிமை கிடைத்துவிடாது. 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம், 2(1)(ஜெஏ) பிரிவில், ‘புதுப்புனைவுப் படி’ என்ற இன்னொரு தகுதியையும் கேட்கிறது. அதாவது, ஏற்கெனவே உள்ள அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ அதில் இருக்க வேண்டும் என்பதோடு, துறை தேர்ந்த ஒருவருக்கு அது வெளிப்படையாகத் தெரிவதாகவும் இருக்கக் கூடாது. இந்தத் ‘துறை தேர்ந்தவர்’ சட்டம் கற்பனையாகப் படைத்துக்கொண்ட மனிதர். அத்துறையில் அன்றுவரை வெளிவந்த அனைத்தையும் படித்தவர், கைத்திறனும் உள்ளவர், ஆனால் விண்ணப்பத்தில் உள்ள கண்டுபிடிப்பை மட்டும் அறியாதவர்.

இவரை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிலைநிறுத்தியது பாத்திரத் தொழிலில் எழுந்த ஒரு வழக்கு. பித்தளைப் பாத்திரங்களைக் கடைசல் எந்திரத்தில் பிடித்துவைக்கும் கருவிக்குப் பெற்ற காப்புரிமை பற்றிய பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பட்டறையில் வழக்கமாகச் செய்யப்படும் சிறு மாற்றம் கண்டுபிடிப்பு ஆகாது என்று கூறி அக்காப்புரிமை செல்லாதென முடிவுசெய்தது. மிதவையின் அடியில் வலை கட்டுவது இத்தகைய பட்டறை மாற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட மூங்கில் சட்டத்தில் இருபது கயிறுகள் கட்டி, கயிறுதோறும் பாசித் துண்டுகளை முடிந்து கடலில் விடும்போது, ஒரா மீன் வந்து மேய்ந்துவிடாமலும் அறுந்த துண்டுகள் போய்விடாமலும் கீழே வலை விரிப்பது கரையில் நெடுநாள் பழக்கம். நாளை ஒருவர் அந்த வலையின் கண்ணளவை மட்டும் மாற்றி உரிமை கோரினால், மீனின் அளவுக்கு ஏற்ப வலைக்கண்ணைத் தேர்வது மீனவருக்குப் பிறவிப் பாடம் என்பதே அதற்குப் போதுமான விடை.

ஆனால் எல்லாம் இவ்வளவு எளிதாக முடிவதில்லை. அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம், மண்டபத்தில் கிளை நிலையம் வைத்திருக்கும் தனது மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பணியை வைத்து, 2005இல் 6893479 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமையைப் பெற்றது. அதுவரை நாற்பத்தைந்து நாளில் அறுவடையான பாசி கரையில் காயவைக்கப்பட்டு, கேராஜீனன் என்ற கெட்டியாக்கும் பொருளை எடுப்பதற்காக ஆலைக்குப் போயிற்று. பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் மிஞ்சும், மற்றதெல்லாம் வெயிலில் ஆவியாகிவிடும். காப்புரிமை சொன்ன வழி வேறு: ஈரப்பாசியை அப்படியே அரைத்துப் பிழிந்து, சாற்றைப் பயிருக்கான திரவ உரமாகவும் சக்கையைக் கேராஜீனனுக்கான மூலப்பொருளாகவும் பிரிப்பது. இந்நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் உருவான சாறுதான் இன்று இஃப்கோவின் ‘சாகரிகா’ என்ற பெயரில் உரக்கடைகளில் கிடைக்கிறது.

இது வெளிப்படையான ஒன்றா? பாசியிலிருந்து திரவ உரம் செய்வது புதிதன்று. இங்கிலாந்தில் ரெஜினால்ட் மில்டன் அதற்கு 1952லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். பாசியிலிருந்து கேராஜீனன் எடுப்பதும் பழையது. எனவே இரண்டு பழையவற்றைச் சேர்த்ததுதானே என்று ஒருவர் வாதிடலாம். ஆயினும் வெயிலில் ஆவியாக விடப்பட்ட தண்ணீர்தான் விலையுள்ள சரக்கு என்று கண்டு, ஒரே பாசியிலிருந்து ஒரே ஓட்டத்தில் இரு பொருள்களையும் கெடாமல் பிரித்தெடுக்கும்படி அந்தப் பழைய ஏடுகளில் எது சொன்னது என்று திருப்பிக் கேட்பதும் நியாயமே. விடை தெரிந்தபின் எந்தப் புதிரும் சுலபம்; பின்னோக்கிப் பார்க்கும் இந்த மயக்கத்தைத்தான், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் காப்புரிமை ஆய்வாளர் முதலில் உதற வேண்டும். 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம் இரு வழக்குகளில் இதைத் தெளிவாக்கியது: அக்ரிபோர்டு வழக்கில், பழைய ஆவணம் எது, விண்ணப்பம் கூறுவது எது, முன்னதிலிருந்து பின்னதற்கு எப்படிப் போக முடியும் என்ற மூன்றையும் எழுதாமல் ‘வெளிப்படை’ என்று வெறுமனே தள்ளக் கூடாதென்றது, ஏவரி டெனிசன் வழக்கில், மாற்றம் எளியது என்பதாலேயே அது வெளிப்படையாகிவிடாது, பழைய ஆவணம் வந்து நெடுங்காலமாகியும் யாரும் அம்மாற்றத்தைச் செய்யவில்லை என்பதும் கணக்கில் வரும் என்றது.

கலவைகளில் இக்கேள்வி இன்னும் நுட்பமாகிறது. இதற்குக் கடலடித் தொலைத்தொடர்பில் பயன்படும் கண்ணாடி இழை நல்ல ஒப்பு. நெடுந்தூரம் சென்று மங்கும் ஒளியை, வழியில் மின்சாரமாக மாற்றாமலே வலுவூட்டுவதற்காக, எர்பியம் என்ற அரிய மண் தனிமத்தை மிகச் சிறு அளவில் கலந்த இழையை 1987இல் சவுதாம்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னின் குழு செய்துகாட்டியது. எர்பியம் அணுக்கள் ஓரிடத்தில் திரண்டால் வலுவூட்டல் குறையும். அலுமினியம் சேர்த்தால் அவை பரவி நிற்கும் என்பது அத்துறையில் பொது அறிவு. ஆகவே பழைய ஏடு பத்து லட்சத்தில் 100 முதல் 1000 பங்கு எர்பியம் என்று சொல்லியிருக்க, புதியவர் 400 பங்கு என்று மட்டும் எழுதி உரிமை கோரினால், எல்லைக்குள் ஓர் எண்ணைப் பொறுக்கியதற்கு மேல் அவர் எதுவும் செய்யவில்லை என்றே கொள்ளப்படும். அந்த அளவில் மட்டும், யாரும் எதிர்பாராத விளைவு வருகிறது என்பதை அளந்து காட்டினாலொழிய அவருக்கு உரிமை கிடையாது.

பாசிச் சாற்றுக்கும் அளவுகோல் இதுவே, இந்தியச் சட்டத்தில் 3(இ) பிரிவு அதை இன்னும் கடுமையாக்குகிறது: பண்புகள் வெறுமனே கூடிநிற்கும் கலப்புக்குக் காப்புரிமை இல்லை. பஞ்சகவ்யத்தோடு பாசிச் சாற்றைக் கலந்து ஒருவர் விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். சாறு மட்டும் விளைச்சலை நூற்றுக்குப் பத்து கூட்டுகிறது, பஞ்சகவ்யம் மட்டும் எட்டு கூட்டுகிறது, இரண்டும் சேர்ந்து பதினெட்டு என்றால் அது வெறும் கூட்டல். முப்பது என்றால் பேச இடமுண்டு. அந்த முப்பதைக் காட்டும் வயல்வெளி அட்டவணை, கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தோடு தரும் முழு விவரணத்திலேயே இருப்பது நல்லது. விண்ணப்பத்தில் இல்லாமல் பின்னர் தேடிச் சேர்க்கப்படும் சோதனைக்கு மதிப்புக் குறைவு.

கரையில் உள்ளோர்க்கு இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. ஆய்வாளர் தேடுவது தரவுத்தளங்களை. பாம்பன் பெண்கள் சங்கத்தில் ஆண்டுக்கணக்காகச் செய்யப்படும் ஒன்று எந்தத் தரவுத்தளத்திலும் இல்லையென்றால், அது அவர் கண்ணில் படாது. மஞ்சள் வழக்கின் வரலாறு இதற்குச் சான்று: காயத்துக்கு மஞ்சள் வைப்பதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை அளிக்கப்பட்டபோது, அன்றைய அமெரிக்கச் சட்டம் வேறு நாட்டு வீட்டு வழக்கத்தை ஏற்காது என்பதால், அச்சில் வந்த பழைய நூல்களைக் காட்டித்தான் 1997இல் அதை நீக்க முடிந்தது. இந்தியச் சட்டம் இவ்விஷயத்தில் தாராளமானது. உள்ளூர் மக்களிடம் வாய்மொழியாக உள்ள அறிவும் காப்புரிமையை எதிர்க்கும் காரணம் என்று 25ஆம் பிரிவும் 64ஆம் பிரிவும் வெளிப்படையாகவே சொல்கின்றன. ஆனால் வாய்மொழி அறிவு தானாகக் கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு நடந்து போகாது. யார், எந்த ஊரில், எந்த ஆண்டு முதல், எப்படிச் செய்தார்கள் என்று உறுதிமொழிப் பத்திரமாகவும், தேதியுள்ள படமாகவும், சங்கப் பதிவேடாகவும், விற்பனைச் சீட்டாகவும் அதை யாராவது கொண்டுபோக வேண்டும்.

எதிர்த்திசையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. உண்மையிலேயே புதிதாக ஒன்றைக் கண்ட மீனவர், அதை முதலில் யூடியூபிலோ வேளாண் கண்காட்சியிலோ பெருமையோடு காட்டிவிட்டால், அந்த வெளியீடே அவருக்கு எதிரான ‘முன்னறிவு’ ஆகிவிடும். இதற்குச் சட்டம் தரும் ஓராண்டு விலக்கு, மத்திய அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் சபையில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கே பொருந்தும். ஆதலால் தற்காலிக விவரணத்தை முதலில் தாக்கல் செய்து நாளைப் பிடித்துக்கொள்வதே அறிவுடைமை. முழு விவரணத்துக்கு அதன்பின் 12 மாதம் அவகாசம் உண்டு. தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். விவரணம் எழுதுவதற்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையத்தையும், எளியோரின் கண்டுபிடிப்புகளுக்கென்றே இயங்கும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையையும் அணுகலாம். ஆய்வகத்தோடு சேர்ந்து உழைத்தவர், யோசனை தம்முடையதாயின், கண்டுபிடிப்பாளராகத் தம் பெயரைச் சேர்க்கும்படி 28ஆம் பிரிவின்கீழ் கோரலாம்.

பல்லுயிர்ச் சட்டத்தை இங்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இந்திய உயிரின வளத்தை வைத்துக் காப்புரிமை கேட்போர் அவ்வளம் எங்கிருந்து வந்தது என்று விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும். சென்னைத் தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலோ பதிவோ இல்லாமல் உரிமை வழங்கப்படாது. இக்கரைப் பாசியை ஏற்றுமதி செய்ததற்காகப் பெப்சி நிறுவனம் அவ்வாணையத்துக்கு 30 லட்சம் ரூபாய்க்கும் மேல் செலுத்தியது.

இனி, தமக்கு எதிராக ஒரு காப்புரிமை நிற்பதாக அறிந்தவர் செய்யத்தக்கவை. முதலில், அது எந்த நாட்டினது என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் காப்புரிமை தங்கச்சிமடத்தில் செல்லாது. இந்திய விண்ணப்பமாயின், அது வெளியானது முதல் உரிமை வழங்கப்படும்வரை யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு தரலாம். 2024ஆம் ஆண்டு விதித்திருத்தத்துக்குப் பின் இதற்குக் கட்டணம் உண்டு, மனு ஏற்கத்தக்கதா என்பதைக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் முதலில் பார்ப்பார். உரிமை வழங்கிய செய்தி வெளியான ஓராண்டுக்குள், அதில் அக்கறையுள்ளவர் மீண்டும் எதிர்க்கலாம். அதன்பின்னும் 64ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் நீக்கம் கோர வழியுண்டு. அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டபின் இவ்வழக்குகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றமே இடம். வழக்கறிஞர் அறிவிப்பு வந்துவிட்டது என்று அஞ்சி மிதவையைக் கரையேற்றிவிடத் தேவையில்லை: ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக 106ஆம் பிரிவு தடையும் இழப்பீடும் தருகிறது, மீறல் வழக்கே வந்தாலும், காப்புரிமை வெளிப்படையான ஒன்றுக்கு அளிக்கப்பட்டது என்பதையே எதிர்வாதமாக வைக்க 107ஆம் பிரிவு இடமளிக்கிறது. பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைப் பெறலாம்.

விண்ணப்பங்களை வெளியிடும் காப்புரிமை இதழ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இணையத்தில் வருகிறது. அதைப் படிக்கக் கட்டணம் இல்லை. அவ்வாறு வெளியான நாளிலிருந்து ஆறு மாதம் முடியும்வரை எந்த விண்ணப்பத்துக்கும் உரிமை வழங்கக் கூடாதென்பது விதி.